தொழில் கற்போனுக்கு ஒரு பெயர்

காம்பார் நகரில் மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் தொழில் கற்றுவந்த இளைஞன் ஒருவன், சில காலத்துக்கு முன் கையில் ஒரு படிவத்தோடு என் இல்லத்திற்கு வந்தான். தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்றவன். தமிழர் அமைப்பு ஒன்று நடத்திய தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, அவர்கள் ஏற்பாட்டின்படியே அந்தப் பட்டறைக்குச் சென்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு மாதமும் வருகைக் கணக்கைப் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். அம்மாதம் அவன் அனுப்பிய படிவம் திரும்பி வந்துவிட்டது. அந்த மாதம் கணக்கில் சேராது என்றும் சொல்லிவிட்டார்களாம்.

"என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கே விளங்கலைங்க ஐயா" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். படிவத்தின் அடியில் இரண்டு கோடுகள். ஒன்றன் கீழ் 'பயிற்சியாளர் கையொப்பம்' என்றும், மற்றொன்றன் கீழ் 'பொறுப்பாளர் கையொப்பம்' என்றும் அச்சிட்டிருந்தது. பையன் தன்னைப் பயிற்சியாளர் எனக் கருதி முதற்கோட்டில் ஒப்பமிட்டிருந்தான். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் பெரியவரோ, பயிற்சி கொடுப்பவர் தாமே ஆதலால் அந்த இடம் தம்முடையது என்று எண்ணி, அதே கோட்டில் தம் ஒப்பத்தையும் இட்டிருந்தார். ஒரே கோட்டில் இருவர் கையொப்பம். அடுத்த கோடு வெறுமை.

இருவரில் யார் செய்தது பிழை? எண்ணிப் பார்த்தால் இருவர் செய்ததும் பிழையன்று. பிழை சொல்லிலே இருந்தது. அந்தச் சொல்லை எழுதியவர் தமிழறியாதவர் அல்லர். நாமும் நாள்தோறும் அப்படித்தான் எழுதுகிறோம். வகுப்பில் மாணவர் எழுதும் கட்டுரையிலும், நாளிதழ்ச் செய்தியிலும், சங்கங்களின் அறிக்கையிலும் 'பயிற்சியாளர்' என்ற சொல் ஓரிடத்தில் கற்பிப்பவரையும், மற்றோரிடத்தில் கற்பவரையும் குறித்து நிற்கின்றது. காற்பந்துக் குழுவின் பயிற்சியாளர் என்றால் கற்பிப்பவர். தொழிற்கூடத்தில் சேர்ந்த இருபது பயிற்சியாளர்கள் என்றால் கற்பவர்கள். ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பவனை நாம் என்ன பெயரால் அழைப்பது என்னும் வினா, அந்தப் படிவத்தைக் கண்ட நாள்முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் இலக்கணம்

முதலில் சொல்லின் அமைப்பை நோக்குவோம். 'பயில்' என்னும் வினையடி 'சி' என்னும் விகுதி பெற்றுப் பயிற்சி ஆகின்றது. முயல் என்பது முயற்சி ஆவது போல. பயில் என்பது தன்வினை. பயிற்று என்பது அதன் பிறவினை. பயில்பவன் கற்பவன், பயிற்றுபவன் கற்பிப்பவன். வினையாக நிற்குமட்டும் இவ்வேறுபாடு பகல்போல் தெளிவாக உள்ளது. பெயர்ச்சொல்லாகிய 'பயிற்சி'க்கு வந்தவுடன் அது மறைந்துபோகின்றது. பயிற்சி கொடுக்கலாம், பெறவும் செய்யலாம். கொடுப்போன் கையிலும் பெறுவோன் கையிலும் இருப்பது அதே பயிற்சிதான்.

அதனோடு 'ஆளர்' சேரும்போது நிலைமை இன்னும் சிக்கலாகின்றது. ஆளர், ஆளி என்பன ஒன்றை உடையவரை, அதனைக் கையாள்பவரைக் குறிப்பன. நோயாளி நோயை உடையவன். கடனாளி கடனைச் சுமப்பவன். பேச்சாளர் பேச்சைக் கையாள்பவர். அவ்வழியே நோக்கினால் பயிற்சியாளர் என்பவர் பயிற்சியை உடையவர், அதாவது தேர்ந்தவர் ஆகின்றார். இன்னும் பயிற்சி பெறாது அதனை நாடி வந்திருக்கும் இளைஞனுக்கு அப்பெயரைச் சூட்டுவது, பசித்து வந்தவனை விருந்து படைப்பவன் என்று அழைப்பதை ஒக்கும்.

ஆசிரியத் தொழிலிலேயே இக்குழப்பம் உண்டு. 'பயிற்சி ஆசிரியர்' என்றால் ஆசிரியத் தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பவர். இதனைப் படிக்கும் ஆசிரியர்களுள் பெரும்பாலோர் ஒரு காலத்தில் அப்பெயரைத் தாங்கியவர்களே. ஆனால், அதன் முன்னே 'உடல்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து 'உடற்பயிற்சி ஆசிரியர்' என்றாலோ, அவர் கற்பிப்பவர் ஆகிவிடுகின்றார். தமிழ் நன்கறிந்த நமக்கு இடம் நோக்கிப் பொருள் விளங்கிவிடுகின்றது. பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு படிவம் நிரப்பும் பையனுக்கு இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் வசதி இல்லை. ஒப்பமிட வேண்டிய கோடு ஒன்றுதான் அவன் கண்முன் இருக்கின்றது.

அண்டை மொழியும் அயல்மொழியும்

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த இடர் என்று எண்ண வேண்டா. நாம் நாள்தோறும் புழங்கும் மலாய் மொழியையே எடுத்துக்கொள்வோம். 'அஜார்' என்னும் அடியிலிருந்து கற்பவனுக்குப் 'பெலாஜார்' என்றும், கற்பிப்பவனுக்குப் 'பெங்ஙாஜார்' என்றும் இரு சொற்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால், பயிற்சியைக் குறிக்கும் 'லாத்தே' என்னும் அடியிலிருந்து பிறந்த 'பெலாத்தே' என்ற சொல்லின் கதை வேறு. மலேசியாவில் பெலாத்தே என்றால் பயிற்சி பெறுபவர். பயிற்சி ஆசிரியரை 'குரு பெலாத்தே' என்கிறோம். பயிற்சி கொடுப்பவருக்கு 'ஜூருலாத்தே' என்ற தனிச்சொல் உண்டு. கடலைத் தாண்டி இந்தோனேசியாவுக்குச் சென்றாலோ, அதே பெலாத்தே காற்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஆகிவிடுகின்றார். ஒரே குடும்பத்து மொழி, ஒரே சொல்; பொருளோ நேர்மாறு. எனினும், நம் நாட்டு மலாய் ஒரு முடிவு செய்து அதில் உறுதியாக நிற்பதால், இங்குள்ள படிவங்களில் குழப்பம் இல்லை. தமிழில் நாம் அம்முடிவைச் செய்யவில்லை.

தொலைவிலுள்ள ஸ்பானிய மொழியை நோக்கினால் இன்னொரு பாடம் கிடைக்கின்றது. அங்கே சொற்பஞ்சம் இல்லை. சொற்பெருக்கமே இடராக உள்ளது. 'அப்ரெந்தீஸ்' என்பது கைத்தொழில் கற்பவனுக்கு வழங்கும் பழஞ்சொல். பற்றிக்கொள்ளுதலைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 'அப்ரண்டிஸ்' என்பதும் அவ்வேரினதே. 'பாசாந்தே' என்ற சொல் மெக்சிகோவில் பல்கலைக்கழகப் பாடங்களை முடித்துப் பட்டம் பெறாதிருப்பவரைக் குறிக்கும். அர்ஜென்டினாவிலோ நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்திருப்பவரைக் குறிக்கும். 'பிராக்திகாந்தே' என்பது பெரு நாட்டில் பயிற்சிக்கு வந்த மாணவர். ஸ்பெயினிலோ முன்னாளில் ஊசி போடும் மருத்துவத் துணையாளருக்கு அதுவே பெயர். ஊர் அறியாமல் சொல்லைத் தேர்ந்தெடுப்பவன், வேலை கற்க வந்தவனை ஊசி போட வந்தவனாக்கிவிடக்கூடும்.

ஸ்பெயினில் இன்று பெரிதும் வழங்குவது 'பெக்காரியோ' என்பது. உதவித்தொகை பெறுபவர் என்பதே இதன் நேர்ப்பொருள். தொழில் கற்கவரும் மாணவர் அனைவருக்கும் இப்பெயர் படிந்துவிட்டது. பெயரில் தொழிலும் இல்லை, கற்றலும் இல்லை. பிறர் கொடுக்கும் தொகை மட்டுமே இருக்கின்றது. ஊழியர் செய்ய வேண்டிய வேலையை இவர்களிடம் வாங்கிக்கொண்டு, 'பெக்காரியோதானே' என்று தள்ளிவிடுவதாக அந்நாட்டில் நெடுநாளாகக் குறை உண்டு. ஊதியமின்றிப் பயிற்சியில் இருப்போரையும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ப்பது என்பது, 2024-ஆம் ஆண்டு சனவரியில்தான் அங்கு நடைமுறைக்கு வந்தது. மாறாக, கொலம்பியா நாட்டில் 1957-இல் நிறுவப்பட்ட தேசியத் தொழிற்கல்வி அமைப்பு, தன் பெயரிலேயே கற்றலைப் பொறித்து, தன்னிடம் சேர்வோரை 'அப்ரெந்தீஸ்' என்னும் பழஞ்சொல்லாலேயே அழைக்கின்றது. பெயரிலே கற்றல் இருந்தால், 'எதைக் கற்றுக்கொடுத்தீர்கள்?' என்று கேட்பதற்கு இடமுண்டு. பெயரிலே தொகை மட்டும் இருந்தால், 'தொகை கொடுத்தோமே' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நம் இலக்கியம் காட்டும் வழி

நம் முன்னோர் கற்போனைப் பற்றிச் சிந்திக்காதவர் அல்லர். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை வகைப்படுத்துகின்றார். அன்னமும் ஆவும் போன்றவர் முதல்வகை. மண்ணும் கிளியும் போன்றவர் இடைவகை. ஓட்டைக் குடமும், ஆடும், எருமையும், பன்னாடையும் போன்றவர் கடைவகை. கற்பவனின் இயல்பை இவ்வளவு நுட்பமாக நோக்கிய அப்பகுதி நூல் கற்கும் மாணாக்கனைப் பற்றியது. செவியால் கேட்டு, நெஞ்சில் இருத்தி, நாவால் ஒப்பிப்பவன் அவன். உளி பிடித்தும், தறியில் அமர்ந்தும், உலைக்கு முன் நின்றும் கையால் கற்பவனுக்கு அங்கு இடமில்லை. 'மாணாக்கர்' என்ற சொல்லுக்கு நூலின் மணம் இன்றுவரை விலகாததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

உடலால் கற்கும் கலையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை காட்டுகின்றது. மாதவி ஐந்தாம் வயதில் கற்கத் தொடங்குகின்றாள், ஏழாண்டுகள் கற்கின்றாள், பன்னிரண்டாம் வயதில் அரசன் அவையில் அரங்கேறித் தலைக்கோல் பட்டம் பெறுகின்றாள். அக்காதையில் என் கருத்தைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, அவளுக்குக் கற்பித்தவர்களின் தகுதிகளை இளங்கோவடிகள் விரிவாகக் கூறும் முறை. ஆடலாசான் இன்னது அறிந்திருக்க வேண்டும், இசையாசான் இன்னது அறிந்திருக்க வேண்டும், தண்ணுமையும் குழலும் யாழும் கற்பிப்போர் இன்னின்ன தகுதி உடையவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றது. கற்பவள் ஒருத்தி இருக்கின்றாள் என்றால் அவளுக்குக் கற்பிக்கக் கடமைப்பட்டவரும் இருக்கின்றார் என்பதே அதன் உட்பொருள். மற்றொன்று, அக்கற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. ஏழாண்டு என்னும் கணக்கு உண்டு. அரங்கேற்றம் என்னும் நாள் உண்டு. அந்நாளுக்குப் பின் அவள் கற்பவள் அல்லள், ஆடற்கலைஞர்.

தொழில் கற்போனைச் சுட்டும் எந்தச் சொல்லையும் உரைத்துப் பார்ப்பதற்கு, இலக்கணம் தந்த ஒன்றும் இக்காதை தந்த இரண்டுமாக மூன்று கேள்விகள் நமக்குக் கிடைத்துவிட்டன. கற்பவன் யார், கற்பிப்பவன் யார் என்பதைச் சொல் பிரித்துக் காட்டுகின்றதா? கற்பிப்பவனின் கடமையை அது நினைவூட்டுகின்றதா? ஒருநாள் அப்பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழிலாளனாக எழுந்து நிற்கும் வழி அதில் உள்ளதா?

தெருவிலும் தோட்டத்திலும் வழங்கிய சொற்கள்

இக்கேள்விகளோடு மக்கள் வழக்கை அணுகுவோம். எடுபிடி, கையாள், கத்துக்குட்டி, சிஷ்யப்பிள்ளை, சித்தாள், கிளீனர் என்று பல சொற்கள் வழங்குகின்றன. 'எடுபிடி' என்பது ஏவிய பொருளை எடுத்துக் கொடுத்துப் பிடித்துக்கொள்பவன் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. பத்தாண்டுகள் எடுத்துப் பிடித்தாலும் அவன் எடுபிடியே. 'கத்துக்குட்டி' கற்றலைச் சொல்கின்றது, எள்ளலோடு சொல்கின்றது. 'சிஷ்யப்பிள்ளை'யில் அன்பு இருக்கின்றது; ஆயினும், குருவுக்குத் தொண்டு செய்யும் கடமை அதில் முந்திக்கொள்கின்றது.

'சித்தாள்' என்னும் சொல் தனியே சிந்திக்கத்தக்கது. கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கல்லும் கலவையும் சுமந்து உதவுபவர் சித்தாள். சிறிய ஆள் என்றால், பெரிய ஆளாக வளரக்கூடியவர் என்றுதானே பொருள்பட வேண்டும்? தமிழ்நாட்டில் இவ்வேலையைச் செய்வோருள் பெண்கள் மிகப்பலர். ஆண் சித்தாள் நாளடைவில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆவதுண்டு. பெண் சித்தாளோ கூந்தல் நரைக்கும்வரை கலவை சுமந்தும் சித்தாளாகவே நின்றுவிடுகின்றார். கொத்தனார் ஆன பெண்கள் மிக அரியர். தொடக்கத்தைக் குறித்த பெயர் அவருக்கு முடிவாகவும் ஆகிவிட்டது.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது லாரிக் 'கிளீனர்' என்னும் பெயர். துடைப்பவன் என்பதே அதன் பொருள். கற்பது பற்றி ஓர் எழுத்தும் இல்லை. ஆயினும், கிளீனராகச் சேர்ந்தவன் ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்து, வண்டியைப் புரிந்துகொண்டு, பின்னர்த் தானும் ஓட்டுநர் ஆவது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். தாழ்ந்த சொல்லாயினும் அதற்குள் ஒரு பாதை இருக்கின்றது. ஆகவே, சொல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது மட்டுமே நம் அளவுகோல் ஆகாது. அச்சொல்லைத் தாங்கியவனுக்கு மேலே ஏறும் படி உண்டா என்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

காம்பார் வட்டாரத்தைப் பொறுத்தவரை இஃது ஏட்டு ஆராய்ச்சி அன்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களும், சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்பித்த இடங்கள். லம்பத்தில் தட்டேந்தி மணலை அலசி ஈயத்தைப் பிரிப்பது எளிய வேலை போலத் தோன்றும். மணிக்கட்டின் சுழற்சி அறியாதவன் கையில் மணலோடு ஈயமும் ஓடிவிடும். பால்வெட்டும் அத்தகையதே. பட்டையை மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழ வெட்டினால் மரத்தின் உயிர்ப்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பின்னாளில் வெட்ட இயலாமற் போகும். மிக நுண்ணிய அந்த ஆழத்தைக் கை அறிந்திருக்க வேண்டும். அதுவும் விடியற்காலை இருளில். இத்தனை நுட்பமான தொழிலைக் கற்ற நம் தாய்மாருக்கு, கற்ற காலத்தில் ஒரு பெயர் இருந்ததா? தேர்ந்த நாளில் ஒரு சான்றிதழ் கிடைத்ததா? பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவர்கள் வெறும் 'ஆள்'. 1985-ஆம் ஆண்டு ஈயச் சந்தை சரிந்து லம்பங்கள் மூடப்பட்டபோதும், ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டபோதும், தொழில் அறிந்த நம்மவர் பலர் தொழிலற்றவர் என்னும் பெயரோடு நகரங்களுக்கு வந்தனர். அவர்கள் கற்றதற்கு எழுத்தில் பெயரில்லாமையால், கற்றதே இல்லை என்றாயிற்று. சொல் இல்லாமையே இத்துன்பத்திற்கு முழுக்காரணம் என்று கூறமாட்டேன். அதற்குப் பொருளியற் காரணங்கள் பல. எனினும், பெயரிடப்படாத திறமைக்குச் சந்தையில் விலை இல்லை என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

அரசுகள் தேர்ந்த சொற்கள்

தமிழ் ஆட்சிமொழியாக வழங்கும் இடங்களில் இதற்கு என்ன சொல் கண்டுள்ளனர் என்பதையும் காண வேண்டும். தமிழ்நாட்டில் 'தொழிற்பழகுநர்' என்ற சொல் நிலைபெற்றுள்ளது. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் தமிழில் தொழிற்பழகுநர் சட்டம் என வழங்குகின்றது. இலங்கையில் 'பயிலுநர்' என்பது வழக்கு. அந்நாட்டின் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை தன் பெயரிலேயே அச்சொல்லைத் தாங்கியுள்ளது. இவ்விரு சொற்களும் நம் முதற்கேள்விக்கு நேரே விடையளிக்கின்றன. பழகுநர் என்றால் பழகுபவரே, பழக்குபவர் அல்லர். பயிலுநர் என்றால் பயில்பவரே, பயிற்றுபவர் அல்லர்.

இவற்றின் ஈற்றிலுள்ள 'நர்' விகுதி மாணவர் நன்கறிந்தது. கடிதத்தின் தலையில் அனுப்புநர், பெறுநர் என்று அவர்கள் எழுதிப் பழகியவர்கள். அனுப்பியவர் யார், பெற்றவர் யார் என்று இதுவரை ஒரு மாணவனும் மயங்கியதில்லை. வினையடியோடு நேரே சேர்வதால், செய்பவன் யார் என்பதை இவ்விகுதி ஐயமின்றிக் காட்டுகின்றது. இதனைச் சிலர் 'பயிலுனர்', 'இயக்குனர்' என றன்னகரமிட்டு எழுதுவது பிழை. உறுப்பினர் என்பதில் வருவது 'இன்' சாரியையின் னகரம். ஓட்டுநர், இயக்குநர், பழகுநர் என்பவற்றில் வருவது விகுதியின் நகரம். இரண்டும் வேறு.

சொல் ஒன்றாயினும் அதற்குச் சட்டம் தரும் தகுதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் ஆசிரியர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். மேற்சொன்ன இந்தியச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்கின்றது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமோ, பணி ஒப்பந்தம் என்பதனுள் தொழிற்பழகுநர் ஒப்பந்தத்தையும் அடக்குகின்றது. 2023-ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அவ்வொப்பந்தம் 6 மாதங்களுக்குக் குறையாமலும் 24 மாதங்களுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். இளங்கோவடிகள் காட்டிய எல்லை இங்கே சட்டத்திலும் இருக்கின்றது. கற்கும் நிலை முடிவின்றி நீளக்கூடாது என்பது எவ்வளவு பொருள் பொதிந்த ஏற்பாடு! இந்நிலையில் ஓர் இளைஞனை 'மாணவர்' என்று எழுதுவதா, 'தொழிற்பழகுநர்' என்று எழுதுவதா என்பது நடையழகு பற்றிய வினா அன்று. அவன் உரிமை பற்றிய வினாவும் ஆகும்.

எது தக்க சொல்?

இனி முடிவுக்கு வருவோம். பழகுநர், பயிலுநர் இரண்டும் நற்சொற்களே. இவற்றுள் பட்டறையில், தொழிற்கூடத்தில், கடையில் வேலை செய்துகொண்டே தொழில் கற்பவருக்குத் 'தொழிற்பழகுநர்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, அது நம் மக்களின் வாயிலேயே இருக்கும் சொல். 'பால்வெட்டப் பழகினேன்', 'தைக்கப் பழகுகிறாள்', 'வண்டி ஓட்டப் பழகுறேன்' என்பனவே நம்மவர் பேச்சு. பால்வெட்டப் பயின்றேன் என்று தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. கை கற்பதைத் தமிழ்மக்கள் பழக்கம் என்றே அழைத்தனர். ஆகவே, இச்சொல் அகராதியிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டதன்று. வீட்டிலிருந்து அலுவலகத்திற்கு எடுத்துச் செல்லப்படுவது.

இரண்டாவது, நடைமுறை பற்றியது. பயிலுநர், பயிற்றுநர் என இரண்டையும் ஒரே படிவத்தில் அருகருகே அச்சிட்டால், விரைவில் படிப்பவன் கண் தடுமாறும். இடையில் ஓரிரு எழுத்துகளே வேறுபாடு. பழகுநர், பயிற்றுநர் என்று அச்சிட்டால் ஒலியிலும் வடிவிலும் வேறாக நிற்கும். அந்தப் பையனின் படிவத்தில் இவ்விரு சொற்களும் இருந்திருந்தால், அவனுக்கு ஒரு மாதம் வீணாகியிராது.

பல்கலைக்கழகத்தில் அல்லது தொழிற்கல்லூரியில் பயின்றுகொண்டே சில மாதங்கள் நிறுவனத்திற்குச் செல்லும் மாணவருக்குப் 'பயிலுநர்' பொருந்தும். காம்பார் இன்று ஈய நகரம் மட்டுமன்று. 2007-ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக வளாகம் இயங்கும் மாணவர் நகரமும் ஆதலால், இச்சொல்லுக்கும் இங்கு வேலை உண்டு. கற்பிப்பவரைப் 'பயிற்றுநர்' என்போம். 'பயிற்சியாளர்' என்பதை விளையாட்டுக் குழுவின் பயிற்றுநருக்கு மக்கள் உரிமையாக்கிவிட்டனர். அங்கே அது இருந்துவிட்டுப் போகட்டும். கற்பவரைச் சுட்ட அதனை எழுதாதிருப்போம்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் கருத வேண்டும். 'பழகுதல்' என்பது நட்புக் கொள்ளுதலையும் குறிக்குமே என்பர். உண்மைதான், 'தொழில்' என்பது முன்னே நிற்க, அம்மயக்கம் எழாது. 'இளைஞர்கள் பெரந்திஸ், அப்ரண்டிஸ் என்றே பேசுகின்றனர். இந்நெடுஞ்சொல் வழக்கில் நிலைக்குமா?' என்றும் கேட்பர். பேச்சில் அவர்கள் விரும்பியபடி பேசட்டும். அதனைத் தடுப்பது நம் வேலையன்று. ஆனால், எழுத்தில், அதிலும் கையொப்பமிடும் எழுத்தில், ஒரு சொல் ஒருவரையே குறிக்க வேண்டும். சொல்லை மாற்றினால் மட்டும் சித்தாளின் வாழ்வு மாறிவிடுமா என்று கேட்போருக்கு, மாறாது என்பதே என் நேர்மையான விடை. ஆயினும், 'எடுபிடி' என்று அழைக்கப்படுபவன் தன் முதலாளியிடம் 'எனக்குக் கற்றுக்கொடுங்கள்' என்று கேட்க இயலாது. அப்பெயர் அதற்கு இடந்தராது. 'தொழிற்பழகுநர்' கேட்கலாம். அவன் பெயரே அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது சிறிதே, ஆயினும் செய்யக்கூடியது. மாணவர் கட்டுரையில் 'பயிற்சியாளர்' என்று வருமிடத்தில் வெறுமனே சிவப்பு மையால் கோடிட்டுவிடாது, 'இவர் கற்பவரா, கற்பிப்பவரா?' என்று கேட்போம். தன்வினை, பிறவினை பாடத்தை நடத்தும்போது பயில், பயிற்று என்பவற்றை எடுத்துக்காட்டாகத் தருவோம். சங்கங்கள் படிவங்களை அச்சிடுமுன் நம்மிடம் காட்டினால், அரை மணி நேரம் அமர்ந்து திருத்திக்கொடுப்போம். தொழிற்கல்விக்குச் செல்லும் மாணவனைத் தேர்வில் தோற்றவனாகக் கருதாமல், ஒரு தொழிலைப் பழகச் செல்பவனாகக் கருதி, அதற்குரிய பெயரிட்டு வழியனுப்புவோம்.

அந்தப் பையனுக்கு அன்றே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். படிவத்தின் சொல் இருபொருள்படுவதை விளக்கி, அம்மாதத்தைக் கணக்கில் சேர்க்குமாறு கேட்டிருந்தேன். கடிதத்தைப் படித்துப் பார்த்தவன், ஓரிடத்தில் விரலை வைத்து, "தொழிற்பழகுநர்னு எழுதியிருக்கீங்களே, அது நாந்தானேங்க ஐயா?" என்றான். ஆம் என்றேன். மாதம் கணக்கில் சேர்ந்ததைப் பின்னர் வந்து தெரிவித்தான். அடுத்த ஆண்டு அவன் பயிற்சி முடிந்தது. இப்போது அதே பட்டறையில் அவனிடம் ஒரு சிறுவன் தொழில் பழகுகின்றான். படிவத்தில் இவன் ஒப்பமிடும் கோடு மாறிவிட்டது.